விசா கேட்கும் பட்டா: நெய்வேலியிலிருந்து ஒரு ஐரோப்பியச் சாலைப் பயணத் திட்டம்

ஐரோப்பாவில் மூன்று நாடுகளை காரில் கடந்து ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டும் என்று நெய்வேலி நகரியத்தில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் சில மாதங்களாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே சொன்னால் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். "உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்பது ஒன்று. "இயக்க வேலை இவ்வளவு கிடக்கும்போது டூரா?" என்பது இன்னொன்று. முதல் கேள்வி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவதைக் கேட்பவர்கள் நம் தோழர்கள்தான். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: ஊர் சுற்றிப் பார்ப்பது நம் ஆட்களுக்கானது அல்ல.

நாம் பயணம் போகாதவர்கள் அல்ல. கடலூர் மாவட்டத்தில் எந்தச் சேரிக்குள் போனாலும் கரும்பு வெட்டப் போனவர், சூளைக்குக் குடும்பத்தோடு போனவர், திருப்பூருக்குப் போனவர், துபாய்க்குப் போனவர் என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் அதைத் தனியாகக் குறித்து, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வாங்கி வா என்கிறது அரசு. உழைக்கப் போகும் பயணத்துக்கு நமக்கு இத்தனை வழிகள் தெரியும். பார்க்கப் போகும் பயணமும் கேள்வி கேட்கப் போகும் பயணமும்தான் நமக்குப் பழக்கமில்லாதவை. ஆகவே இது டூருக்கு ஆதரவான கட்டுரை. எந்த டூர் என்பதில் மட்டும் எங்களுக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது.

இயக்க வேலையையும் ஊர் சுற்றுவதையும் எதிரெதிராக வைப்பவர்கள் 1934ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தில் தன்னோடு வேலை செய்த தோழர்கள் சுமார் முப்பது பேர் சுற்றுலா போக ஆசைப்பட்டபோது அண்ணல் அம்பேத்கர் தட்டவில்லை, கூடவே கிளம்பினார். வேரூல் என்ற எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்ப்பது அவர்கள் திட்டம். நாசிக்கில் சேர்ந்து, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியைத் தாண்டி, நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் போனார்கள். அதுவும் எல்லை தாண்டிய சாலைப் பயணம்தான். வழியில் வீண் தொல்லை வேண்டாம் என்று, தாங்கள் யார் என்பதைச் சொல்லிக்கொள்ளாமல் போவதென்றும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். பயணத் திட்டத்தில் சாப்பாடு, தங்குமிடம், வண்டி ஆகியவற்றோடு சாதியை மறைப்பதும் ஓர் ஏற்பாடாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் சிலர் புழுதி போக முகம் கை கால் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலர் கூட வர, கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். இதை அண்ணல் எழுதிவைத்த சிறு நூலின் தலைப்பே விசாவுக்காகக் காத்திருப்பதைப் பற்றியது. சொந்த நாட்டுக்குள் நடந்தவற்றை எழுதிவிட்டு அதற்கு விசா என்று பெயர் வைத்தார். இன்றைக்குச் சென்னையில் விசா மையத்தின் வரிசையில் நிற்கும்போது அந்தத் தலைப்பு வேறு விதமாகவும் உறைக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் பாதை. ஐரோப்பியச் சாலைப் பயணம் என்றதும் யூடியூபில் வருவது ஆல்ப்ஸ் மலைச் சாலை, திராட்சைத் தோட்டம், மஞ்சள் வெயிலில் ஒரு தேவாலயம். அதற்கெல்லாம் நாங்கள் விரோதி இல்லை. ஆனால் நெய்வேலியில் பிறந்தவர்களுக்கு அந்தக் கண்டத்தின் நாட்டுப்புறத்தைப் பார்க்க வேறொரு வழி இருக்கிறது. அது பழுப்பு நிலக்கரியின் வழி. ஜெர்மனியின் மேற்கே ரைன்லாந்தில் தொடங்கி, கிழக்கே லவுசிட்ஸ், அங்கிருந்து போலந்தின் மூலையில் இருக்கும் துரூவ், பிறகு செக் நாட்டின் வடக்கே மோஸ்ட் என்று நெய்வேலியின் பங்காளிகளாக வரிசையாக நான்கு சுரங்கப் பகுதிகள் இருக்கின்றன. மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். பிராகில் முடித்துக்கொண்டால் மொத்தம் ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும்.

பங்காளி என்று சும்மா சொல்லவில்லை. 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியது. அனல்மின் நிலையம் சோவியத் உதவி. சுரங்கத்தில் மண் தோண்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. ஐரோப்பா நெய்வேலிக்கு வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது. இங்கிருந்து பொறியாளர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்து வந்தார்கள். நிலம் கொடுத்தவரும் போகவில்லை, அந்த நிலத்தில் நாற்று நட்டவரும் போகவில்லை. பாக்கி இருக்கும் அந்தப் பயணத்தைத்தான் நாங்கள் போகப் பார்க்கிறோம்.

முதல் நிறுத்தம் பான் நகரம், அதுவும் அரை நாளைக்கு. 1922இல் அம்பேத்கர் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார், படிப்பை முடிக்கவில்லை. வணங்கிவிட்டுக் கிளம்பலாம். அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கார்ட்ஸ்வைலர் திறந்தவெளிச் சுரங்கம். அதன் ஓரத்தில் லுட்சரத் என்ற ஊர் இருந்தது. 2023 ஜனவரியில் போலீஸ் வந்து, மரத்தில் வீடு கட்டிக் குடியிருந்த போராட்டக்காரர்களை இறக்கி, ஊரை இடித்தது. ஆயிரக்கணக்கான பேர் சேற்றில் ஊர்வலம் போனார்கள், கிரெட்டா துன்பர்க் வந்தார், உலகம் முழுக்கச் செய்தியானது. அதே 2023 ஜூலை 26இல் பரவனாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் கதிர் விடும் பருவத்து நெல்லில் பொக்லைன் இறங்கியது. இரண்டும் ஒரே வருடம், ஆறு மாத இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கட்டுரை ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

லுட்சரத்துக்கு அருகில் இம்மரத் என்று ஓர் ஊர். அங்கிருந்த இரட்டைக் கோபுரத் தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்தார்கள். ஊர் மக்கள் சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய இடத்தில் குடியேறினார்கள், புதிய இடத்துக்கும் இம்மரத் என்றுதான் பெயர். ரைன்லாந்தில் இது ஒரு நடைமுறை. ஊரைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பாமல், விரும்புகிறவர்களை ஒன்றாக ஒரே இடத்துக்கு நகர்த்துவது, தெருக்களுக்குக்கூட முடிந்தவரை பழைய பெயர்களை வைப்பது. நெய்வேலியில் நிலம் இழந்து நான்கு திசையில் சிதறிய குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியும். சுற்றுச்சூழல் தோழர்கள் பலர் இதைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள்: ஊரை எடுத்தால் ஊராகவே திருப்பிக் கொடு.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி இடிக்கிறது. ஊரை அப்படியே பெயர்த்து நட்டால், நம் ஊரில் எது எதெல்லாம் சேர்ந்து வரும்? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நடுவில் வாய்க்கால் அல்லது ரோடு. சேரிக்குக் காற்றுவாக்கில் சுடுகாடு. இதையும் வரைபடத்தோடு தூக்கிக்கொண்டு போய் வைப்பீர்களா? ஜெர்மானியக் கிழவி ஒருத்தி தன் கிராமத்தை நினைத்து அழும்போது அந்த அழுகை உண்மையானது. ஆனால் கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய குட்டை என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வைத்துச் சொன்ன ஒருவரின் வழி வந்தவர்கள் நாம். கிராமம் போனதே என்று அவர்களோடு சேர்ந்து அழ நம்மால் முடியாது. கிராமம்தானே, போகட்டும் என்று கம்பெனிக்காரனோடு சேர்ந்து சிரிக்கவும் முடியாது. நம் இழப்பு வேறு. அதற்கு இன்னும் சரியான பெயர்கூட வைக்கப்படவில்லை.

அந்த இழப்பு என்ன என்று எங்கள் பக்கத்துக் கதையாகச் சொல்கிறோம். வளையமாதேவியில் பயிர் அழிந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நல்லது. ஆனால் கணக்கு ஏக்கரில் தொடங்கிவிட்டதே. அந்த வயலில் நாற்றுப் பறித்தவர், நட்டவர், அடுத்து களையெடுக்கவும் அறுக்கவும் காத்திருந்தவர் எத்தனை ஏக்கர்? பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை நாற்பதாயிரத்தால் பெருக்கினால் என்ன வரும்? நிலம் எடுப்பு பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம், எடுக்கப்படும் பகுதியில் மூன்று வருடமாக வேலை செய்து அதையே முக்கிய வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று வரையறுத்திருக்கிறது. வரையறையில் இடம் இருக்கிறது. மூன்று வருடம் கூலி வேலை செய்தேன் என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவது? மிராசுதாரர் ரசீது கொடுத்தா வேலை வாங்கினார்? போராட்ட மேடைகளிலும் இதே கதைதான். ஏக்கருக்கு எவ்வளவு, வீட்டுக்கு ஒரு வேலை என்று பேசுவார்கள். அந்த வேலையும் நிலம் கொடுத்தவரின் வீட்டுக்கு. நிலம் இல்லாதவர் அதே ஊர்வலத்தில் கொடி பிடித்து நடந்துவிட்டு, ஊர்வலம் முடிந்ததும் ஒப்பந்தக்காரரிடம் வேலை கேட்டுப் போகிறார். பிறகு அவரே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி.

திரும்பவும் பாதைக்கு. ரைன்லாந்திலிருந்து கிழக்கே லவுசிட்ஸ் வரை அறுநூற்றைம்பது கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்ட முடியும், ஆனால் நடுவில் எங்காவது படுத்து எழுந்து போவதுதான் நல்லது. லவுசிட்ஸ் பகுதியில் சோர்பியர் என்ற சிறு ஸ்லாவிய இனம் வாழ்கிறது. ஜெர்மன் ஆட்சிக்குள் ஆயிரம் வருடம் தங்கள் மொழியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள். ஊர்ப் பலகையில் இரண்டு மொழி இருக்கும். அங்கே நிலக்கரிக்காக முழுதாகவோ பாதியாகவோ அழிந்த ஊர்கள் 130க்கும் மேல். அவற்றில் ஒன்று ஹோர்னோ, சோர்பிய மொழியில் ரோகோவ். பிரான்டன்பர்க் மாநில அரசியல் சாசனம் சோர்பியர் வாழும் பகுதிக்குப் பாதுகாப்பு தருகிறது. அதை வைத்து ஹோர்னோ மக்கள் வழக்காடினார்கள், தோற்றார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2000இல் அங்கேயும் மனு ஏற்கப்படவில்லை. ஊர் ஃபோர்ஸ்ட் நகரத்தின் ஓரத்துக்கு மாறியது. அந்தப் புதிய குடியிருப்பில் காணாமல் போன ஊர்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறார்கள். எங்கள் திட்டத்தில் ஒரு முழு நாளை இதற்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறோம்.

ஏன் ஒரு நாள்? சாசனத்தில் எழுதிய பாதுகாப்பு நிலக்கரிக்கு முன்னால் என்ன ஆகிறது என்று பார்க்க. நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீடு, இன்னாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. காகிதத்தில் நிபந்தனை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, நிலம் யார் கையில் இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். இன்னொன்று, காப்பகம் என்ற அந்த எண்ணமே. நெய்வேலிக்காக எழுந்து போன ஊர்களின் பெயர்கள் சில நகரியத்தைச் சுற்றி இன்னும் வாயில் புழங்குகின்றன. அந்த ஊர்களின் சேரிகளுக்கு என்ன பெயர்? எத்தனை வீடு? அங்கே யார் சாமி? இதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இதற்கு ஜெர்மனி போகத் தேவையில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும்போதே மந்தாரக்குப்பத்துக்கும் வடலூருக்கும் டவுன்பஸ்ஸில் போனால் போதும். பயணம் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு சேரியின் கதையை எழுதி எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. கையில் சொல்ல ஒன்றும் இல்லாமல் அடுத்தவன் காப்பகத்தைப் போய்ப் பார்த்து என்ன செய்வது?

துரூவ் பற்றிச் சுருக்கமாக. சுரங்கம் போலந்தில், வற்றிய கிணறுகள் எல்லைக்கு அந்தப்பக்கம் செக் கிராமங்களில். 2021இல் செக் அரசு போலந்து மீது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சுரங்கத்தை நிறுத்தச் சொல்லியும் போலந்து கேட்காததால் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். 2022 பிப்ரவரியில் நாலரைக் கோடி யூரோவுக்குச் சமரசம் ஆனது. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் ஓடும். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் போர் எத்தனை அடிக்குப் போனது என்பது டீக்கடைப் பேச்சு. கிணறு வற்றினால் கேட்க அங்கே பக்கத்து நாடு ஒன்று இருந்தது. சேரிக் கைப்பம்பு வற்றினால் எந்த நாடு வந்து வழக்குப் போடும்?

கடைசிச் சுரங்கம் மோஸ்ட். இந்தப் பெயரை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மொத்தப் பயணமும் இந்த ஊருக்காகத்தான் என்றே சொல்லலாம். பழைய மோஸ்ட் நூற்றாண்டுகள் பழமையான நகரம். அடியில் நிலக்கரி இருந்ததால் அன்றைய கம்யூனிஸ்ட் அரசு முழு நகரத்தையும் இடிக்க முடிவு செய்தது. ஒரு தேவாலயத்தை மட்டும் காப்பாற்ற நினைத்து, 1975இல் தண்டவாளம் போட்டு 841 மீட்டர் தூரம் கட்டடத்தை அப்படியே நகர்த்தினார்கள். பொறியியல் சாதனை, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். பழைய மோஸ்டில் ரோமா மக்களும் வாழ்ந்தார்கள். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் போனவர்களின் வம்சம், ஐரோப்பா முழுக்க ஒதுக்கப்படுபவர்கள். அவர்களுக்காக நகரத்துக்கு வெளியே ஹானோவ் என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆண்டுகள் போகப் போக அது சிதைந்து, செக் நாட்டில் சேரி என்பதற்கு மறுபெயர் ஆகிவிட்டது.

ஒரே நகரம், ஒரே நிலக்கரி. கல்லால் ஆன கோயிலை அங்குலம் அங்குலமாகப் பூப்போல நகர்த்தத் தெரிந்த அரசு, அதே ஊரின் மனிதர்களை நகர்த்தியது எப்படி என்று பாருங்கள். இத்தனைக்கும் அது சமத்துவம் பேசிய ஆட்சி. நம் இடதுசாரித் தோழர்களோடு உட்கார்ந்து இதை நிதானமாகப் பேச வேண்டும், கோபமில்லாமல். ஹானோவ் மக்கள் அந்தத் தேவாலயத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதுதான் எங்கள் பட்டியலில் முதல் கேள்வி. பக்கத்தில் ஊஸ்தி நாட் லாபெம் நகரத்தில் மாதிச்னி தெரு இருக்கிறது. 1999 அக்டோபரில் ரோமா குடியிருப்பை மறைத்து அங்கே ஒரு சுவர் எழுப்பினார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து அடுத்த மாதமே இடித்தார்கள். உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை காத்திருந்தோம். அது விழுந்த வேகத்துக்கும் இது நின்ற காலத்துக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று அந்தத் தெருவில் நின்று யோசிக்கலாம்.

இனி விசா. ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு அது ஜெர்மனி. கார் ஓட்டப் போகிறவர் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருடம் செல்லும். வாடகைக் கார் எடுக்கும்போதே போலந்துக்கும் செக்குக்கும் கொண்டு போவோம் என்று சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். செக் நெடுஞ்சாலைக்கு இணையத்தில் சாலைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இதெல்லாம் கஷ்டமில்லை, இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

கஷ்டமான இடம் வேறு. போகிறவர் திரும்பி வருவார் என்று தூதரகம் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு எதைக் காட்டலாம் என்று ஐரோப்பிய விசா விதித் தொகுப்பிலேயே பட்டியல் இருக்கிறது: பண வசதி, வேலை, சொந்த நாட்டில் அசையாச் சொத்து, குடும்பப் பிணைப்பு. அசையாச் சொத்து என்றால் நம் பாஷையில் பட்டா. நிலம் எடுக்க வந்தவன் கேட்டதும் பட்டா. இழப்பீட்டு அலுவலகத்தில் கேட்டதும் பட்டா. வீட்டுக்கு ஒரு வேலைக்குக் கேட்டதும் பட்டா. ஊரை விட்டுப் போகும்போது இல்லாத அந்தக் காகிதத்தை, ஊருக்குத் திரும்பி வருவாயா என்று சோதிக்கவும் கேட்கிறார்கள். தன் மண்ணோடு இருக்கும் பந்தத்தை நிலம் உள்ளவன் மட்டும்தான் நிரூபிக்க முடியும் என்பது கடலூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஐரோப்பியத் தூதரகத்துக்கும் பொதுவான நம்பிக்கை. நான்கு தலைமுறை ஒரே வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கு அந்த மண்ணோடு பந்தம் இல்லை. வாங்கிப் போட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவருக்கு உண்டு.

இதற்குச் சில குறுக்கு வழிகள் இருக்கின்றன, வெட்கப்படாமல் பயன்படுத்த வேண்டும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லாததால் நம் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர் போலந்துக்கும் செக்குக்கும் தனி விசா இல்லாமல் போய்வரலாம். எங்கள் பயணத்தில் வண்டி ஓட்டப் போகும் இருவரும் அப்படிப்பட்டவர்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது, விண்ணப்பியுங்கள். பின்னதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி ஆராய இந்தப் பணம் கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். சேரியைப் பற்றி வெளிநாட்டில் போய் எழுதாதே என்று அர்த்தம். சரி, ஹானோவைப் பற்றி எழுதுங்கள். படிக்கிறவருக்குப் புரியும்.

எல்லையில் ஒரு எச்சரிக்கை. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்று புத்தகங்களில் இருக்கும். ஜெர்மனி 2023 அக்டோபரில் போலந்து, செக் எல்லைகளில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது, 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளுக்கும் விரித்தது. ஐந்து கறுத்த முகங்கள் உள்ள காரை நிறுத்துவார்கள் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். அங்கே நம் எல்லோரையும் ஒரே நிறமாகத்தான் பார்ப்பார்கள், இங்கே நம்மைத் தள்ளி உட்கார வைக்கிறவரையும் சேர்த்து. இதில் ஒரு சின்ன சந்தோஷம் வரும், அதில் மயங்க வேண்டாம். அங்கிருக்கும் தமிழ்ச் சங்கத்தில் "தம்பி எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவர் இருப்பார். 1934இல் போனவர்கள் மறைத்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு அது தேவையாக இருந்தது. நாங்கள் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் நிலக்கரியில் தொடங்கி, நிலம் இல்லாத சாதியில் பிறந்தவர்கள் என்று சொல்லித்தான் கேள்விக்குப் போவோம்.

முடிவாகாமல் நீண்ட விவாதம் ஒன்றே ஒன்று. இங்கிருந்து மூன்று பேர் விண்ணப்பிக்கிறார்கள். ஒருவருக்கு அரசு வேலை, இன்னொருவரின் அப்பா நிறுவனத்தில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது தங்கை, விவசாயக் கூலித் தாய்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியான தகப்பனுக்கும் பிறந்து இப்போது முதுகலை படிப்பவர். அவரிடம் பட்டாவும் இல்லை, வருமான வரிக் கணக்கும் இல்லை. நண்பர்கள் சேர்ந்து போட்ட பணம் மட்டும் வங்கியில் இருக்கிறது. அவருக்கு மட்டும் மறுத்துவிட்டால் மற்றவர்கள் போவதா, நிற்பதா? நின்றுவிட வேண்டும் என்றுதான் முதலில் பலர் சொன்னார்கள். அந்தத் தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. விசா மறுப்புக்கு ஐரோப்பாவில் ஒரே மாதிரியான அச்சுப் படிவம் இருக்கிறது. காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறி போடுவார்கள். திரும்பிச் செல்லும் எண்ணத்தில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பதும் அதில் ஒன்று. "குறி போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்க. ஃபோர்ஸ்ட் காப்பகத்திலயும் ஹானோவிலயும் படிச்சுக் காட்டிட்டு வாங்க" என்றார். நாங்கள் அதற்குச் சம்மதித்தோம். மூன்றில் அவருடைய விண்ணப்பத்தைத்தான் முதலில் கொடுக்கப் போகிறோம்.